நே வின் 26 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கேள்வி, 2 மார்ச் 2024

அண்ணே, உங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். பர்மாவை ஆண்ட ராணுவத் தளபதி நே வின் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் இல்லை. நாட்டுக்குச் சோறு போட்டாரா என்றால் அதுவும் இல்லை, இருந்த சோற்றையும் கெடுத்தார். அப்படியும் 1962 முதல் 1988 வரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. மக்கள் பயந்து கிடந்தார்கள், அதற்கு மேல் இதில் ஆராய ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. சரிதானா?

2 மார்ச் 2024, இரவு 10.40

தம்பி, தேதி பார்த்துத்தான் கேட்டீர்களா தெரியவில்லை. 1962இல் இதே மார்ச் 2ஆம் தேதி, விடிவதற்குள் ரங்கூனில் ராணுவம் இறங்கிவிட்டது. பிரதமர் ஊ நூவையும் அமைச்சர்களையும் வீட்டிலேயே வைத்துக் கைது செய்தார்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த, ஷான் இனத்துத் தலைவர் சாவ் ஷ்வே தைக் வீட்டில் துப்பாக்கி வெடித்தது. அவருடைய 17 வயது மகன் செத்தான். அவரும் அதே ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்துபோனார். மற்றபடி அன்று ரத்தம் சிந்தியது குறைவு. காலையில் ஜனங்கள் வானொலியைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நீங்கள் சொல்லும் பயம் நான்கு மாதம் கழித்து வந்தது. ஜூலை 7, ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ராணுவம் சுட்டது. மறுநாள் விடிகாலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்த போராட்டம் வளர்ந்த கட்டடம் அது. ஆகவே பயம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவன் பயப்படுவது புரிகிறது. துப்பாக்கியைப் பிடித்திருந்தவன் எதற்குப் பயந்தான்? 26 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்த ஒரு மனிதர், பிற்காலத்தில் வெளியே தலைகாட்டுவதே அபூர்வம், ரங்கூனின் இன்யா ஏரிக்கரை வீட்டில் இருந்துகொண்டு சொன்னதையெல்லாம் லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவத்தார் ஏன் கேட்டார்கள்? அவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்ப நினைக்கவில்லையா?

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

3 மார்ச், காலை 6.15

முதலில் ஒரு திருத்தம். "26 ஆண்டுகள் அதிபர் நாற்காலி" என்று எழுதியது தவறு. 1962 முதல் 1974 வரை அவர் புரட்சிக் கவுன்சிலின், அதாவது ராணுவ ஆட்சிக் குழுவின், தலைவர். 1972இல் ராணுவப் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் "ஊ நே வின்" ஆனார். 1973 டிசம்பரில் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்து, 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். 1974 மார்ச் 2, மறுபடியும் அதே தேதி, புரட்சிக் கவுன்சில் தலைவர் நே வின் ஆட்சியைக் குடியரசுத் தலைவர் நே வின்னிடம் ஒப்படைத்தார். 1981இல் அந்தப் பதவியை சான் யூவுக்குக் கொடுத்துவிட்டு, நாட்டின் ஒரே கட்சியாக இருந்த ஆளும் சோசலிசக் கட்சியின் தலைவர் பதவியை மட்டும் 1988 ஜூலை வரை வைத்துக்கொண்டார். அப்போதும் ஊரில் அவருக்குப் பெயர் "நம்பர் ஒன்".

அதாவது நாற்காலியைத் தேடினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

3 மார்ச், இரவு

சரி, ராணுவத்துக்கு வருவோம்.

அவருடைய சொந்தப் பெயர் ஷூ மாங். இளமையில் ரங்கூனில் தபால் குமாஸ்தா. 1941இல் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் தலைமையில் ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற "முப்பது தோழர்கள்" கூட்டத்தில் ஒருவர். நே வின் அங்கே வைத்துக்கொண்ட பெயர். ஆங் சான் 1947 ஜூலை 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1948இல் சுதந்திரம் வந்தபோது ராணுவத் தளபதி ஸ்மித் டன், கரேன் இனத்தவர். மறு ஆண்டே கரேன் கிளர்ச்சி வெடித்ததும் அவரை அனுப்பிவிட்டு நே வின்னை அங்கே உட்காரவைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1949. ஆட்சியைப் பிடிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே ராணுவம் அவர் கையில். யாரை மேஜராக்குவது, யாரை எந்த எல்லைக்கு அனுப்புவது, எவன் மகன் எந்தப் பள்ளியில் சேருவது, எல்லாம் அவர் கையெழுத்து. அவர் முன்பு தலைமை தாங்கிய படைப்பிரிவு நான்காவது பர்மா ரைஃபிள்ஸ். 1962க்குப் பிறகு முக்கியப் பதவிகளைப் பாருங்கள், அந்தப் படைப்பிரிவு ஆட்களே மறுபடி மறுபடி வருவார்கள். மாப்பிள்ளைகள் மாதிரி உறவுமுறை அது.

அதே படைப்பிரிவிலிருந்து வந்தவர்தான் ஆங் ஜீ, ஆட்சிக் கவிழ்ப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். 1963 பிப்ரவரியில் அவரும் வெளியே. ஆக, நெருக்கம் உள்ளே சேர்க்கும். இரண்டாம் இடம் வெளியே தள்ளும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

5 மார்ச்

"உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்கிறேன். கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 12 வயதில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாக பர்மாவுக்குப் போனவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அரக்கான் வழியாக நடந்தே வந்து உயிர் பிழைத்தார். போர் முடிந்ததும் திரும்பப் போனார். ரங்கூனுக்கு வடக்கே உள்ள பெகுவில் துணியும் மளிகையும் சேர்ந்த ஒரு கடை வைத்தார். பெரிய முதலாளி இல்லை, ஆனால் பத்துக் கிராமத்துச் சில்லறை வியாபாரிகள் அவரிடம் சரக்கு எடுத்தார்கள்.

1963இல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள், அடுத்து மற்ற ஊர்க் கடைகள். எங்கள் கடைக்கும் ஒருநாள் சிப்பாய்கள் வந்து, அடித்து விரட்டி, பூட்டைப் போட்டு முத்திரை வைத்தார்கள். மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு (கியாட் பர்மாவின் பணம்). மாற்றித் தருவதாகச் சொன்னதற்கும் வரம்பு இருந்தது. கடை போனது, கையில் இருந்த பணமும் போனது, ஆறு வாரத்துக்குள். அந்த நாலைந்து ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். எங்கள் குடும்பம் 1965இல் கப்பலேறியது. நகை கொண்டுபோகக் கட்டுப்பாடு. அப்பத்தா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து இறங்கினார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. வியாசர்பாடியில் அகதிகளுக்குக் கொடுத்த இடத்தில்தான் நான் பிறந்தேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்கள் கடையை மூடிய பிறகு அந்தக் கட்டடம் சும்மா கிடக்கவில்லை. சில மாதத்தில் "மக்கள் கடை" என்ற அரசுக் கடையாகப் பெயர்ப்பலகை மாட்டி, ஒரு முன்னாள் சார்ஜெண்டை மேலாளராக உட்காரவைத்தார்களாம். அந்த சார்ஜெண்டுக்கு நே வின் யார்? கொடுங்கோலரா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை நாற்காலியில் உட்காரவைத்தவர்.

6 மார்ச்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "செட்டியார்கள் பர்மாக்காரன் நிலத்தை வட்டிக்குப் பிடுங்கியதை ஏன் சொல்லவில்லை?"

சொல்ல வேண்டியதுதான். 1930இன் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதை விரும்பி வாங்கவில்லை, பணம் திரும்பி வராததால் நிலம் வந்தது. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? அவன் கண்ணுக்குத் தெரிந்தது "கலா". இந்தியன். சுதந்திரம் வந்தவுடனேயே நிலச் சட்டம் போட்டு அதை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அது நே வின் வருவதற்கு முந்திய கதை.

ஆகவே 1964இல் கடைகளுக்கு முத்திரை விழுந்தபோது தெருவில் நின்றவர்களில் எல்லோரும் அழவில்லை. நியாயமான பழைய கோபத்தை எடுத்து, அதைக் கொண்டு எங்கள் கடையைப் பூட்டி, சாவியை ராணுவத்திடம் கொடுத்தார் அந்த மனிதர். நிலத்தை இழந்த விவசாயிக்கு அதில் ஒரு படி அரிசிகூடக் கிடைக்கவில்லை.

7 மார்ச்

அப்பத்தாவிடம் 5ஆம் தேதி எழுதியதைப் படித்துக் காட்டினேன். 86 வயது, காது நன்றாகக் கேட்கும். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"யாருடா அடிச்சு வெரட்டுனது? ஒருத்தரும் அடிக்கல. ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயசு இருக்கும். செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள வந்தான். ரெண்டு நாளு உக்காந்து ஒவ்வொன்னா எண்ணி எழுதுனான். நான் டீ போட்டுக் குடுத்தேன். உங்க ஐயாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்."

இத்தனை வருஷமாக "அடித்து விரட்டினார்கள்" என்றே என் மனதில் இருந்திருக்கிறது. யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. அநியாயம் என்றால் அடி இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், இந்தத் திருத்தம் கீழே இருக்கட்டும்.

அந்தப் பையன் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறான். சார்ஜெண்டைப் புரிந்துகொள்வது சுலபம், அவனுக்குப் பங்கு கிடைத்தது. இந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது?

9 மார்ச்

நான் செங்குன்றத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் இந்த விஷயத்தை அரிசியில் வைத்துச் சொன்னால்தான் எனக்கே பிடிபடும்.

போருக்கு முன்னால் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு. உலகத்தில் முதலிடம். நே வின் ஆட்சியில் நெல்லை வாங்கும் உரிமை அரசுக்கு மட்டும். விலை அரசு வைத்தது, அதுவும் அடிமட்ட விலை. விவசாயி என்ன செய்வான்? நல்ல நெல்லைப் பதுக்கிவிட்டு மட்டத்தை அளந்தான். 1960களின் கடைசியில் ஏற்றுமதி 10 லட்சம் டன்னுக்குக் கீழே போய்விட்டது. 1967இல் ரங்கூனிலேயே அரிசித் தட்டுப்பாடு. அந்த ஆண்டு ஜூனில் கோபம் சீனர்கள் மேல் திரும்பி அவர்கள் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரிசிக்குப் பொறுப்பானவர்கள் வீடு ஒன்றும் எரியவில்லை.

மண்டியில் நாங்கள் ஒரு லோடு நெல்லுக்கு நான்கு பேரிடம் விலை கேட்போம். பிடிக்காவிட்டால் ஐந்தாவது ஆள் இருக்கிறான். அந்த ஐந்தாவது ஆள் இருக்கிற வரைக்கும் யாரும் யாருக்கும் அடிமை இல்லை. பர்மாவில் ஐந்தாவது ஆளை ஒழித்தார்கள். அரிசி, எண்ணெய், சோப்பு, துணி, வேலை, கல்லூரி இடம், எல்லாம் ஒரே ஜன்னலில். ஜன்னலுக்குள் கட்சிக்காரனோ ராணுவத்திலிருந்து வந்தவனோ இருப்பான். மக்கள் கடையில் வாங்கிய சோப்பை வெளியே நாலு மடங்கு விலைக்கு விற்கலாம். கடையில் சரக்கு குறையக் குறைய, உள்ளே இருப்பவன் கையெழுத்துக்கு மதிப்பு ஏறும்.

தம்பி, நீங்கள் கேட்டீர்களே, நாட்டை ஏழையாக்கிய பிறகும் எப்படி நீடித்தார் என்று. "பிறகும்" என்ற சொல்லை நான் எடுத்துவிடுவேன். ஏழையாக்கியதும் நீடித்ததும் ஒரே வேலை. வேண்டுமென்றே ஏழையாக்கினார் என்று சொல்லவரவில்லை. சோசலிசத்தை அவர் ஓரளவு நம்பியிருக்கலாம். ஆனால் பஞ்சத்தால் அவருடைய ஆட்களுக்கு நட்டம் இல்லை, லாபம். அதனால் அதைத் திருத்த வேண்டிய அவசரம் உள்ளே யாருக்கும் வரவில்லை.

9 மார்ச், இன்னொன்று

"அந்த ஐந்தாவது ஆள் கள்ளச்சந்தையில் இருந்தானே" என்று கேட்கிறீர்கள். சரிதான். தாய்லாந்து எல்லை வழியாகச் சாமான் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஜனங்கள் பட்டினியால் சாகவில்லை. ஆனால் கள்ளச்சந்தையில் வாங்குகிற ஒவ்வொருவனும் சட்டப்படி குற்றவாளி. எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடிக்காமலும் விடலாம். அதுவும் ஒரு கயிறுதான்.

10 மார்ச்

ஒன்பதாம் எண் பற்றி யாராவது கேட்பார்கள் என்று தெரியும். ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. புதிதாக 75 கியாட் நோட்டு. அடுத்த ஆண்டு 15, 35. பிறகு 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 நோட்டுகளும் செல்லாது. இந்தத் தடவை மாற்றித் தருவதும் கிடையாது. ஒரு பைசா கிடையாது. அதே மாதம் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. நாலும் ஐந்தும் ஒன்பது, ஒன்பதும் பூஜ்யமும் ஒன்பது. அவருக்கு ராசி எண் ஒன்பது என்பது ஊரறிந்த பேச்சு.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ராசி எண் பார்க்காத ஆள் நம் தெருவில் எத்தனை பேர்? கார் நம்பருக்கு ஒன்பது கேட்டு அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆசையால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாட்டின் நோட்டை அந்த எண்ணில் அச்சடிக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த அறையில் இருந்த நிதி தெரிந்தவர்களில் ஒருவர்கூட "வேண்டாம் ஐயா" என்று சொல்ல முடியாமல் போனதே, அதில்தான் விஷயம் இருக்கிறது. 25 ஆண்டுகளாக "வேண்டாம்" சொன்னவர்கள் ஒவ்வொருவராக அந்த அறையை விட்டுப் போயிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, 1987 டிசம்பரில், ஐ.நா. பர்மாவை உலகின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது.

11 மார்ச்

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் அறிவிப்பு தொலைக்காட்சியில் வந்ததும் அப்பத்தா எழுந்து தன் டிரங்குப் பெட்டியிடம் போய் உட்கார்ந்துவிட்டார். பேசவே இல்லை. வங்கி திறந்ததும் நான் வரிசையில் நின்று அவருடைய பணத்தை மாற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தபோது, ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெசமாவே குடுத்துட்டானா?" என்று மூன்று தடவை கேட்டார். 52 ஆண்டுகள் கழிந்திருந்தன.

12 மார்ச்

இன்று இரண்டாம் இடக்காரர்களின் கதை.

1976இல் இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் நே வின்னைக் கவிழ்க்கத் திட்டம் போட்டுப் பிடிபட்டார்கள். தலைமை தாங்கிய கேப்டன் ஓன் ஜோ மியிண்டுக்குத் தூக்கு. அதற்குச் சில மாதம் முன்பு பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் தளபதியுமான ஜெனரல் தின் ஊவைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். சதி அவருக்கு முன்பே தெரியும், மேலே சொல்லவில்லை என்று குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். படைக்கு அவரைப் பிடிக்கும். 1974இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது அவர் பெயர் சொல்லி வாழ்த்துக் கோஷம் போட்டார்கள் என்பார்கள். எனக்கு அவருடைய உண்மையான குற்றம் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

அப்புறம் உளவுத்துறைத் தலைவர். அவரை ஜனங்கள் "நம்பர் ஒன்றரை" என்று சொல்வார்கள். எவன் வீட்டில் என்ன சமையல் என்பது வரை அவர் கோப்பில் இருக்கும். அப்படி ஒரு பட்டப்பெயர் வந்த பிறகு ஒருவர் எத்தனை நாள் தாங்குவார்? 1983 மே மாதம் அவரையும் தூக்கினார்கள். அவர் வளர்த்த உளவு அமைப்பையும் கூடவே பிரித்துப் போட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 9. ரங்கூனில் ஆங் சான் முதலானோரின் தியாகிகள் நினைவிடத்தில் வட கொரியாவின் ஆட்கள் கூரையில் குண்டு வைத்தார்கள். குறி, அரசுமுறைப் பயணமாக வந்திருந்த தென் கொரிய அதிபர் சுன் டூ ஹ்வான். அவர் வந்துசேரத் தாமதமானதால் தப்பினார். அவருடைய வெளியுறவு அமைச்சர் உள்பட 21 பேர் செத்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் உள்ளே வந்து, நாட்டிலேயே புனிதமான இடத்தின் கூரைமேல் ஏறிக் குண்டு வைக்கிற வரைக்கும் பிடிக்க ஆள் இல்லை. பிடிக்கிற வேலை தெரிந்தவர்கள் ஐந்து மாதமாகச் சிறையிலோ வீட்டிலோ இருந்தார்கள்.

கண்ணைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றிக்கொண்ட மாதிரி.

13 மார்ச்

பெயர்க் குழப்பம் வந்துவிட்டது. "நம்பர் ஒன்றரை"யின் பெயரும் தின் ஊதான். இரண்டு பேரும் வேறு வேறு. 1976இல் போனவர் தளபதி தின் ஊ. விடுதலையாகி, 1988இல் ஆங் சான் சூச்சியோடு சேர்ந்து தேசிய ஜனநாயக லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1983இல் போனவர் உளவு தின் ஊ. குண்டு வெடித்த பிறகு அந்த வேலைக்கு வந்தவர் கின் நியுண்ட். அவரையும் 2004இல் ராணுவமே கைது செய்தது. அந்த நாற்காலிக்கு ராசி இல்லை.

16 மார்ச்

தம்பி விடவில்லை. "1988இல் பயம் போனது, ஆள் விழுந்தார். ஆக பயம்தானே தூண்?" என்கிறீர்கள்.

நல்ல கேள்வி. நான்கு நாள் யோசித்தேன். முதலில் உங்கள் பக்கம் சாய்ந்தேன், பிறகு திரும்பிவிட்டேன்.

1988 மார்ச்சில் ஒரு டீக்கடையில் பாட்டுக்காக வந்த சண்டை. அடித்தவன் உள்ளூர் அதிகாரி ஒருவரின் மகன், அவனை விட்டுவிட்டார்கள். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், போன் மோ என்ற மாணவர் சுடப்பட்டு இறந்தார். ஆறு மாதம் முன்பு நோட்டு செல்லாமல் போய்க் கையில் காசில்லாமல் நின்ற பிள்ளைகள் அவர்கள். ஜூலை 23 கட்சி மாநாட்டில் நே வின் பதவி விலகினார். அதே பேச்சில், ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்று எச்சரித்தார். அடுத்து வந்தவர் செயின் லுவின். 1962 ஜூலையில் மாணவர்களைச் சுட்ட படைக்குத் தலைமை தாங்கியவர், நான்காவது பர்மா ரைஃபிள்ஸ் ஆள். ஆகஸ்ட் 8 அன்று நாடே வீதிக்கு வந்தது. பயம் சுத்தமாகப் போய்விட்டது, இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. செயின் லுவின் மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை.

அப்புறம்? செப்டம்பர் 18 அன்று ராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஊர்வலத்தில் ஒரு சில படை ஆட்கள் சேர்ந்ததுண்டு, ஆனால் ஒரு முழுப் படைப்பிரிவு கூட மக்கள் பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை? அவனுடைய வீடு ராணுவக் குடியிருப்பில். அரிசி ராணுவக் கிடங்கில். பிள்ளை ராணுவப் பள்ளியில். மனைவியின் பிரசவம் ராணுவ மருத்துவமனையில். வெளியே வந்தால் அவனுக்கு ஒரு படி அரிசி கொடுக்க யார் இருக்கிறார்கள்? தெருவில் நிற்பவர்களுக்கே இல்லை. மக்களின் பயம் போனது. ராணுவத்தானுக்கு வேறு போக்கிடம் இல்லாத நிலை போகவில்லை.

அதனால் என் பதிலைத் திருத்திச் சொல்கிறேன். 3ஆம் தேதி ராணுவத்தின் விசுவாசத்தைப் பற்றி எழுதினேன். விசுவாசம் என்ற சொல் பெரிது. கூண்டு ஒன்று, சோறும் அதற்குள்ளேயே.

17 மார்ச்

சின்னதாக ஒன்று. 1970இல் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதை மாற்றி வலப்பக்கம் ஆக்கினார் நே வின். ஜோசியர் சொன்னார் என்பார்கள், வேறு காரணமும் சொல்வார்கள். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ரங்கூனில் ஏராளமான கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம்தான், ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். பழைய பேருந்துகளில் வாசல் இடப்பக்கம் என்பதால் நடுரோட்டில் இறங்க வேண்டியிருந்தது என்று அங்கிருக்கும் உறவினர் சொல்வார்.

20 மார்ச்

ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "பதினெட்டு நாளாக ரங்கூனையும் பெகுவையும் மட்டும் பேசுகிறீர்கள். மலையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது?"

உண்மை. இது என் குறை. கரேன், கச்சின், ஷான் பகுதிகளில் நடந்தது வேறு மாதிரி ஆட்சி. அங்கே சோப்பும் ரேஷனும் இல்லை. 1960களில் ராணுவம் "நான்கு வெட்டு" என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. கிளர்ச்சியாளர்களுக்கு உணவு, பணம், தகவல், ஆள், இந்த நான்கும் கிராமங்களிலிருந்து போகாமல் வெட்டுவது. காகிதத்தில் அவ்வளவுதான். தரையில் பார்த்தால், கிராமத்தைக் காலி செய், நெல்லை எரி, சொன்ன இடத்துக்குப் போகாதவனைச் சுடு. 7ஆம் தேதி நான் எழுதிய கும்பிட்டுவிட்டுப் போன பையனை அந்த மலைக் கிராமங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவேளை அதே பையனைத்தான் அடுத்த ஆண்டு அங்கே அனுப்பியிருக்கலாம்.

முடிவில்லாத உள்நாட்டுப் போர் அவருக்கு உதவியும் செய்தது. நாடு உடைந்துவிடும், நாங்கள் இல்லாவிட்டால் யார் காப்பது என்ற ஒரே பேச்சு 1962இலும் ஓடியது, 1988இலும் ஓடியது, 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோதும் கொஞ்சம் சொல் மாற்றி ஓடியது.

1982 குடியுரிமைச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். 1823க்கு முன்பே பர்மாவில் இருந்த இனத்தவர் முழுக் குடிமக்கள். மற்றவர்கள் இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பட்டவர்கள் என்று கீழ்ப்படிகள். ஐயாவின் தம்பி குடும்பம் பெகுவிலேயே தங்கிவிட்டது. மூன்று தலைமுறையாக அவர்கள் அட்டையைக் காட்டும்போதெல்லாம் குரலைத் தணித்துப் பேசுகிறார்கள். போன மாதம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், 18 முதல் 35 வயது ஆண்களுக்கு. அந்தக் குடும்பத்தில் சித்தப்பாவின் மகன் ஒருவனுக்கு 24 வயது. அவன் இப்போது பெகுவில் இல்லை. எங்கே என்று இங்கே எழுதமாட்டேன்.

24 மார்ச்

நே வின்னின் கடைசி நாட்களைக் கேட்டிருந்தீர்கள். 2002 மார்ச்சில் அவருடைய மருமகனையும் மூன்று பேரன்களையும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைது செய்தார்கள். அவரையும் மகள் சாண்டா வின்னையும் ஏரிக்கரை வீட்டிலேயே காவலில் வைத்தார்கள். டிசம்பர் 5 அன்று இறந்தார். அரசு மரியாதை இல்லை, ராணுவ அணிவகுப்பு இல்லை. அன்றே எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். அவரைக் காவலில் வைத்தவர்கள் அவர் வளர்த்த படையில் வளர்ந்தவர்கள். அவர் மற்றவர்களுக்குச் செய்ததை வரிசை மாறாமல் அவருக்குச் செய்தார்கள்.

இனி அந்தப் பட்டியல். கடையை எழுதிக்கொண்டுபோன பையன் ஐயாவிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறான். என்றாவது இழப்பீடு வரும் என்று ஐயா சாகும்வரை அதை வைத்திருந்தார். அப்பத்தா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்கு தாள், பர்மிய எழுத்து, மடிப்பில் கிழிந்திருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கூட்டம் குறைந்த பிறகு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வரிவரியாகப் படித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

லோஞ்சி (பர்மிய லுங்கி) 46. துண்டு 31. வெள்ளைத் துணி, கெஜக் கணக்கு, இரண்டு தடவை அளந்து திருத்தியிருக்கிறான். மீன் டின் 58, அதில் 2 நசுங்கியது. சவர்க்காரக் கட்டி 120. கடலை எண்ணெய் 7 டின், ஒன்று பாதி. தராசு 1, படிக்கல் 6. விளக்கு 1, கண்ணாடி கீறல். கடைசித் தாளின் அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று பர்மிய எழுத்தில். பக்கத்தில் தமிழில் ஐயாவின் பெயர், இனிஷியலோடு.

நான் முப்பது வருஷமாக இருப்புக் கணக்கு எடுக்கிறவன். இவ்வளவு சுத்தமான இருப்புப் பட்டியலை நான் பார்த்ததில்லை. ஒரு பொருளைக்கூட அவன் தனக்கென்று ஒதுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். பாதி டின் எண்ணெய் என்றதும் கண்ணைத் திறந்தார்.

"அது அடுப்படிக்கு நான் எடுத்தது" என்றார். "சரியாத்தான் எழுதியிருக்கான்."